பிராந்தியில் ஒரு புழு, பப்பாளி இலையில் ஒரு முகம்

போன வாரம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சௌசௌக் கொடியில் ஒரு பூச்சியைப் பார்த்தேன். மிளகு அளவுதான். முதுகில் மஞ்சள் கோடு, வால் பக்கம் வெள்ளையாக ஒரு குஞ்சம். விரலை நீட்டினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து இலைக்கு அடியில் போய்விடுகிறது. பூச்சி பார்த்தே சம்பளம் வாங்கி, பூச்சி பார்த்தே ஓய்வும் பெற்றவள் நான். இது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அடுப்பில் ஒரு கண், கொடியில் ஒரு கண்ணாகவே போயிற்று.

படம் எடுத்து ஷீபாவுக்கு அனுப்பினேன். பாலக்காட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த பூச்சிச் சோதனைக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள். உடனே பதில் வந்தது. போன் செயலியில் போட்டாளாம், பெயர் வந்துவிட்டதாம். வேறு பக்கத்திலிருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். செயலி வேறு பெயர் சொன்னது. மூன்றாவது படத்துக்கு மூன்றாவது பெயர். பிறகு அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, மூணுல எது சரி?”

“அது என்னத்தத் திங்குதுன்னு உன் செயலிகிட்ட கேட்டியா?”

“அது படத்துல எப்படிக்கா தெரியும்?”

“அப்ப பேரு மட்டும் எப்படித் தெரியும்?”

சிரித்தாள். “போன் இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்கக்கா, இங்க புதுசா வந்திருக்கவங்க படிக்கட்டும்” என்றாள். கேட்டது அவள், மாட்டிக்கொண்டது நீங்கள்.

நான் வண்டன்மேட்டுக்காரி. அப்பா கம்பத்திலிருந்து மலையேறி வந்தவர். அம்மா ஏலக்காட்டில் காய் எடுத்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பூச்சிகளுக்கு இரண்டே பெயர்தான்: கடிக்கிற பூச்சி, கடிக்காத பூச்சி. பள்ளிக்கூடம், அதற்கு மேல் விவசாயத்தில் ஒரு டிப்ளமோ, ஒரு பரீட்சை, ஒரு நேர்முகம் எல்லாம் முடிந்து, பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி வேலை என்று உத்தரவு வந்தது. பனியில் வளர்ந்தவளுக்கு அந்த ஊர் வெயில் லேசில் பழகவில்லை. பயிற்சி என்று சொன்னாலும், ஆரம்பத்தில் நான் செய்ததெல்லாம் கண்ணாடி கழுவியதுதான்.

அரிக்கேன் விளக்குக் கண்ணாடி. எங்கள் மேசைமேல் அவை வரிசையாக நிற்கும். ஈர மணல் போட்ட தட்டில் இலைக் காம்பைச் செருகி, அதன்மேல் கண்ணாடியைக் கவிழ்த்து, மேல்வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டுவிடுவோம். விவசாயிகள் கொண்டுவரும் புழுவை உயிரோடு அதற்குள் விட்டு, அது எந்தச் செடியில் இருந்ததோ அந்தச் செடியின் இலையையே கொடுத்து, வளர்ந்து சிறகு முளைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்போம். புழுவைப் பார்த்துப் பெயர் சொல்வது கஷ்டம். சிறகு வந்துவிட்டால் ஆள் யாரென்று ஓரளவு தெரிந்துவிடும். கண்ணாடியில் முந்தின புழுவின் கழிவு துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த புழு நோய் வந்து செத்துப்போகும். அதனால்தான் சோப்பு, வெந்நீர், வெயில் என்று அந்தப் பாடு.

எங்கள் மேலதிகாரி அன்னம்மா மேடம். கோட்டயத்துக்காரர். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு லென்ஸ் எப்போதும் தொங்கும். மதியச் சாப்பாட்டை மறந்து வந்திருக்கிறார், மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருக்கிறார், லென்ஸை ஒருநாளும் மறந்ததில்லை. பூச்சிகளை அவர் ‘ஆள்’ என்றுதான் சொல்வார். யாராவது ஒரு பூச்சியோடு வந்தால் முதலில் அவரை உட்கார வைப்பார். பிறகு மூன்று கேள்வி, எப்போதும் அதே வரிசையில்: எங்கே இருந்தது? என்ன தின்றது? தொட்டால் என்ன செய்தது? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் பூச்சி இருக்கும் டப்பாவைத் திறக்கவே மாட்டார். வந்தவர்கள் பொறுமை இழந்து நாற்காலியில் நெளிவார்கள்.

பிறகு டப்பாவைத் திறந்து, லென்ஸ் வைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, “எனிக்கு அறியில்லா” என்பார். எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும். எனக்குத்தான் மானம் போகும். பெரிய அதிகாரி, சுவர் நிறையப் புத்தகம், வந்தவரிடம் தெரியாது என்கிறாரே! ஒரு தோட்டக்காரர் கத்தியே விட்டார்.

“அறியில்லான்னு சொல்றதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?”

“அறியாம நான் ஒரு பேரைச் சொன்னா, நீங்க அதுக்கு மருந்தடிப்பீங்க. அது வேற ஆளாயிருந்தா?” என்றார் மேடம். கோபமே இல்லை.

இன்னொருவர் வத்திப்பெட்டிக்குள் ஒரு பயங்கரப் பூச்சியைக் கொண்டுவந்தார். அடிக்கடி பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பேருந்தில் வரும் வழியெல்லாம் பயந்திருக்கிறார். மேடம் திறந்து பார்த்து, “ஆள் போயாச்சு, சட்டை மட்டும் இருக்கு” என்றார். சில்வண்டு உரித்துப்போட்ட தோல். அந்த மனிதர் அதை மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடிப் பத்திரமாகவே எடுத்துக்கொண்டு போனார்.

இப்படி நூறு கதை இருக்கிறது. ஆனால் ஷீபா கேட்ட கேள்விக்குப் பதில் ருக்மணியின் பப்பாளித் தோட்டத்தில்தான் இருக்கிறது.

ருக்மணிக்கு வடகரப்பதிப் பக்கம் நிலம். காலகாலமாக நிலக்கடலை போட்ட காட்டில் பப்பாளி வைத்திருந்தாள். கணவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. “நாந்தானுங்க புடிவாதமா வெச்சேன். பொழச்சா எங்கூட்ல நான் தலைநிமிந்து நடப்பேன், போச்சுன்னா ஆயுசுக்கும் பேச்சு வாங்கோணும்” என்று அவளே ஒருமுறை சொன்னாள். மரங்கள் காய் பிடித்து நிற்கிற நேரத்தில் வந்தது மாவுப்பூச்சி. அதுவரை அந்தப் பக்கம் யாரும் பார்த்திராத புது வகை. காயும் காம்பும் இலையடியும் பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாகிவிட்டன.

வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துவின் மல்பெரித் தோட்டம். அவர் பட்டுப்புழு வளர்ப்பவர். மாவுப்பூச்சி வேலி தாண்டி அவர் மல்பெரியிலும் ஏறத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் மருந்தடித்துப் பார்க்கலாம். அவரால் முடியாது. மருந்து பட்ட தழையைத் தின்றால் பட்டுப்புழு மொத்தமும் செத்துவிடும். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்தான் முதலில் எங்களிடம் வந்தவர். மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு புழு மிதந்தது.

“எதுல போட்டிருக்கீங்க?” என்றார் மேடம்.

“பிராந்திங்க மேடம். கெட்டுப்போகாம இருக்கட்டுமுன்னு.”

ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. இப்படி ஒரு நல்ல சாவு எந்தப் புழுவுக்குக் கிடைக்கும் என்று நானும் சொன்னேன். மேடம் மட்டும் சிரிக்காமல் நாற்காலியைக் காட்டினார்.

“எங்கே இருந்தது?”

“ருக்மணியம்மிணி பப்பாளியிலீங்க. அந்த வெள்ளைக்கு நடுவுல.”

“என்ன தின்னுது?”

“தழையத்தானுங்க. புழு வேற என்னத்தத் திங்கும்?”

“தின்னதைக் கண்டீங்களா?”

நாச்சிமுத்து யோசித்தார். “இல்லீங்க.”

“தொட்டா என்ன செஞ்சது?”

“எங்கீங்க தொட்டேன்? நேரா பாட்டலுக்குள்ள உட்டுப்போட்டனுங்க.” பிறகு குரல் உயர்ந்தது. “இன்னைக்குப் பப்பாளியத் திங்கறது நாளைக்கு எம்மல்பெரிக்கு வருமுங்க. மாவுப்பூச்சியே என்னால தாங்கமுடியல. இதுல புழுவும் வந்தா நான் என்ன பண்றது?”

விவசாய அலுவலகமான கிருஷி பவனில் அவர் ஏற்கெனவே முறையிட்டிருந்தார். மாவுப்பூச்சி மட்டும்தான் என்றால் ரொம்ப மோசமான மரங்களை வெட்டி எரித்தால் போதும், இலை தின்னும் புதுப் புழு என்று சோதனைக்கூடம் சொல்லிவிட்டால் தோட்டம் முழுவதையும் எரிக்க வேண்டியதுதான் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஆக, அந்தப் பாட்டிலுக்குள் மிதப்பவன் யார் என்று நாங்கள் சொல்லும் ஒரு பெயரில்தான் ருக்மணியின் பப்பாளி நின்றது. வெள்ளிக்கிழமைவரை பார்ப்பதாகவும், அதற்குள் பதில் வராவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து தாங்களே கொளுத்திவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார் நாச்சிமுத்து.

மறுநாள் ருக்மணி வந்தாள். ஈரத் துணியில் சுற்றிய ஒரு பப்பாளி இலை. “மேடம், மத்த மாவுப்பூச்சியெல்லாம் அப்பிடியே ஒட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க. இந்த ஒண்ணு மட்டும் பெருசா, நகுந்துக்கிட்டே இருக்குதுங்க. இது வேறயாட்டத் தெரியுது.” லென்ஸில் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு மூட்டை ஒன்று மெதுவாக நடந்து போனது. தலை, கால் ஒன்றும் தெரியவில்லை. ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு புது ஆள் என்று எனக்குத் தலை சுற்றியது.

மேடம் பிராந்தியை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினார். நத்தை மாதிரி தட்டையான, சாம்பல் பச்சைப் புழு. அதோடு தட்டின் அடியில் கருநீலமாகச் சில பொடிகள்.

“பேச்சி, இது என்ன?” என்று என்னிடம் கேட்டார்.

“மண்ணா இருக்கும் மேடம்.”

 ருக்மணி கொண்டுவந்த இலையிலிருந்து சாதாரண மாவுப்பூச்சிகள் சிலவற்றை எடுத்து, ஒரு சின்னக் குப்பியில் சாராயம் ஊற்றி அதில் போட்டு மூடிவைத்தார் மேடம். “நாளைக்குப் பாக்கலாம்” என்றார். எனக்கு இரவெல்லாம் அந்தக் குப்பி ஞாபகம்தான்.

மறுநாள் காலையில் பையைக்கூட வைக்காமல் குப்பியிடம் ஓடினேன். வெள்ளையே இல்லை. பஞ்செல்லாம் கரைந்துபோய், பூச்சிகள் கருநீலமாகி அடியில் கிடந்தன, நான் மண் என்று சொன்ன அதே பொடிகளாக. அந்தப் பஞ்சு ஒரு மெழுகு. சாராயத்தில் கரைந்துவிடும். அப்படியானால் நாச்சிமுத்துவின் பாட்டிலுக்குள் புழுவோடு மாவுப்பூச்சியும் விழுந்திருக்கிறது. அவற்றின் சட்டை கரைந்ததுபோலப் புழுவின் சட்டையும் அங்கே கரைந்திருந்தால்?

மேடம் மெல்லிய தூரிகையை என் கையில் கொடுத்தார். நடக்கும் பஞ்சு மூட்டையின் முதுகை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுக்கினேன். பஞ்சு விலக விலக உள்ளே தட்டையாக, சாம்பல் பச்சையாக, பாட்டிலில் இருந்த அதே புழு.

“மேடம், ரெண்டும் ஒரே ஆளு!” என்று கத்திவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? கல்யாணத்தன்றுகூட நான் அப்படிக் கத்தவில்லை.

“சரி. ஆள் யாரு?”

நான் முழித்தேன். “எனிக்கும் அறியில்லா” என்றார் மேடம், முகம் மலர.

தோட்டம் எரிவதற்கு வெள்ளிக்கிழமை குறித்திருக்கிறார்கள், இந்த அம்மாளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் அதற்குள் இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்துவிட்டார். ஒன்றில் மாவுப்பூச்சி அப்பிய பப்பாளி இலை. இன்னொன்றில் மல்பெரி இலை மட்டும். “நாச்சிமுத்து தோட்டத்து இலையேதான் வேணும். அவர் கையால பறிச்சுத் தரணும். வேற இலைன்னா அவர் நம்பமாட்டார்” என்று சொல்லி என்னைப் பேருந்தில் அனுப்பினார். நாச்சிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தளதளவென்று இருந்த தழையாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தார். “இதத் திங்கலைன்னா அது புழுவே இல்லீங்க” என்றார்.

ருக்மணி இன்னும் சில புழுக்களைத் தேடிக் கொடுத்தாள். பப்பாளி இலைக் கண்ணாடியில் விட்டவை தலையை மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் புதைத்துக்கொண்டன. அவை நகர்ந்த இடத்தில் வெறும் தோலும் பஞ்சும்தான் மிச்சம். மல்பெரி இலையில் விட்டது விளிம்பு விளிம்பாகச் சுற்றியது. வாய் வைக்கவே இல்லை. சுருங்கத் தொடங்கியதும் மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. புழுவை மட்டும் தூக்கி மாவுப்பூச்சிகளிடம் விட்டார். மல்பெரி இலையைக் கண்ணாடியோடு அப்படியே விட்டுவைத்தார்.

நன்றாகத் தின்ற புழுக்கள் அதற்குள் இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிட்டன. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. நான் லென்ஸ் வைத்துக் குனிந்தேன். அடுத்த நிமிஷம் லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். முகம். மேலே நெற்றி, அதற்குக் கீழே இரண்டு கண், சப்பை மூக்கு, உப்பிய தாடை. ஒரு குட்டிக் குரங்கு என்னையே பார்த்தது.

மேடம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “என்டம்மே! பேச்சி, இது நம்மளை லென்ஸ் வச்சுப் பாக்குதே!”

வெள்ளிக்கிழமை ஜீப்பில் போனோம். நாச்சிமுத்து கையில் மண்ணெண்ணெய் டின்னோடு வேலியோரம் நின்றிருந்தார். பின்னால் அரிவாளோடு சிலர். ருக்மணி தோட்டத்து நுழைவில் கைகட்டி நின்றாள். அழவில்லை. ஆனால் உதடு காய்ந்து போயிருந்தது.

“பேரு தெரிஞ்சுதுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“இல்லை. ஆனா வந்து பாருங்க” என்று மேடம் லென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, மரத்திலேயே ஒட்டியிருந்த ஒரு கூட்டைக் காட்டினார்.

அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். “ஆஞ்சநேயருங்க” என்றார். சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கும் மனிதர். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ கற்பூரத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

ருக்மணி மேடத்தின் முழங்கையைப் பிடித்துத் தனியே இழுத்தாள். “சாமின்னே சொல்லிப்போடுங்க மேடம். எந்தோட்டம் பொழச்சுக்கும். ஒரு வார்த்தைங்க.”

மேடம் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பதில் சொன்னார். “முகம் மாதிரி இருக்கு, நானும் கண்டேன். உள்ளே என்ன இருக்குன்னு எனிக்கு அறியில்லா. ஆள் வெளியே வரட்டும், சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தீ வைக்கக்கூடாது.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. திரும்பும்போது ஜீப்பிலேயே கேட்டேன். “ஒரு வார்த்தைதான மேடம்? சொல்லிட்டா என்ன கொறஞ்சு போயிரும்? அந்தம்மா நிம்மதியா தூங்கியிருக்கும்ல.” 

அடுத்தமுறை போனபோது ருக்மணி ஒரு குச்சியோடு மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தாள். கீழ்வரிசை இலைகளில் பாதி இல்லை. “சாமி சாமின்னு இலையோட பிச்சுக்கிட்டுப் போறாங்க மேடம்! வத்திப்பெட்டியில வெச்சுப் பூஜை ரூமுல வெக்கறாங்களாமா. மாவுப்பூச்சிய எடுத்துட்டுப் போறதுக்கு ஒருத்தருக்கும் கை வரல!” நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெருந்தன்மை. சாமி என்று இவர் வாயாலும் சொல்லியிருந்தால் அந்த வாரத்திலேயே ஒரு கூடுகூட மிஞ்சியிருக்காது.

அதற்குள் நாச்சிமுத்துவும் வந்துவிட்டார், அதே டின்னோடு. பட்டுப்புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. ராட்சசப் பசி பசிக்கும் பருவம் அது. தழையோ வெள்ளையாகிக்கொண்டே போனது. அவர் கண்ணில் தூக்கமே இல்லை. “சாமி சாமியா இருக்கட்டுமுங்க மேடம். எம்புழுவுக்குத் தழை வேணும். அதுக்குள்ள இருக்கறது வெளிய வரட்டும். தழை திங்கற சாதின்னு தெரிஞ்சுதுன்னா, அந்த நிமிசமே பத்தவெச்சுப்போடுவேன்” என்றார். மேடம் சரி என்றார். ருக்மணியும் சரி என்றாள். 

நடுவில் ஒரு வார்த்தை ஷீபாவுக்கு: என் சௌசௌக் கொடிப் பூச்சி இதை எழுதும்போது விளக்குக் கண்ணாடிக்குள் என் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் சட்டை உரிக்கவில்லை. ஆனால் அது தண்டில்தான் வாயைக் குத்தி உறிஞ்சுகிறது, இலையைக் கடிப்பதில்லை. உன் செயலி சொன்ன இரண்டாவது பெயர் இலை கடிக்கிற ஒன்றின் பெயர். அது அதோடு போயிற்று.

கூடு கறுக்கத் தொடங்கினால் ஆள் வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். கறுத்ததைப் பார்த்த மறுநாள் விடியலிலேயே இரண்டு கண்ணாடிகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம். ஓட்டுநரிடம் மேடம் பள்ளத்துக்குப் பள்ளம், “மெல்லெ, மெல்லெ” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ருக்மணி வீட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தோம். நாச்சிமுத்து டின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு குந்தினார். ருக்மணியின் கணவர் கதவோரம் நின்று பார்த்தார்.

முகம் நடுவில் பிளந்தது. நெற்றி திறந்தது. நனைந்த துணி மாதிரி எதுவோ ஒன்று தள்ளாடி வெளியே வந்து, இலைக் காம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. சிறகு மெதுவாக விரிந்தது.  எங்கேயோ பம்புசெட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சாம்பல் பழுப்பில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வண்ணத்துப்பூச்சி. அதில் வண்ணம்கூடக் கிடையாது.

“இவ்வளவுதானுங்களா?” என்றார் நாச்சிமுத்து. பாவம், அவ்வளவு ஏமாற்றம்.

மேடம் லென்ஸ் வைத்துச் சிறகின் அடிப்பக்கத்து நெளிகோடுகளைப் பார்த்தார். காலைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். “இப்ப சொல்லலாம்” என்றார். ஒரு நீளமான விஞ்ஞானப் பெயரைச் சொல்லி, “குரங்குமுகப் பூச்சின்னு வச்சுக்கோங்க. புழுவா இருக்கும்போது இந்த ஆள் தின்கிறது மாவுப்பூச்சியை மட்டும்தான். அதோட மெழுகையே எடுத்து மேலே பூசிக்கிட்டு, நடுவுல உக்காந்து தின்னும். இலையைத் தொடாது” என்றார். அந்தப் பெயர் முதல் நாளிலிருந்தே ஓர் ஊகமாக அவர் மனசில் இருந்திருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

“நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. எனக்கு எப்பிடிங்க தெரியும்?” என்றார் நாச்சிமுத்து.

மேடத்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போயிற்று. இரண்டாவது கண்ணாடியைத் தூக்கி, உள்ளே இருந்த மல்பெரி இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “இது நீங்க பறிச்சுத் தந்த இலை. வேற தீனி இல்லாம புழுவை இதுல பட்டினி போட்டோம். மல்பெரி இலையில கடி இருக்கா இல்லையான்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

வாடிய இலைதான். நாச்சிமுத்து அதை உள்ளங்கையில் விரித்தார். கட்டைவிரலால் விளிம்பு முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார். திருப்பிப்போட்டு நரம்பு நரம்பாகத் தடவினார். எழுந்து சூரியனுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.  

“கடி இல்லீங்க” என்றார் கடைசியில். “ஊசி மொனை அளவுக்குக்கூட இல்லீங்க.”

ருக்மணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் அவள் பக்கத்தில் குந்தி, இந்த ஆள் மட்டும் போதாது, மோசமான மரங்களை வெட்டித்தான் ஆகவேண்டும், இந்த மாவுப்பூச்சிக்கென்றே ஒரு குட்டிக் குளவியும் வரப்போகிறது, அது வந்தபிறகுதான் முழுசாக அடங்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். பின்னால் எல்லாம் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு ருக்மணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எந்தெந்த மரத்தை வெட்டலாம் என்று அவளே கை காட்டினாள். கதவோரம் நின்ற கணவர் உள்ளே போய் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார்.

நாச்சிமுத்து மோரைக் குடித்துவிட்டும் கிளம்பவில்லை. வேலியைப் பார்த்தார், தன் மல்பெரியைப் பார்த்தார், கையிலிருந்த இலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்கம்மிணி… அந்தப் புழு இருக்கற தழையா ரெண்டு குடுத்தீங்கன்னா, எம்மல்பெரியிலயும் உட்டுப் பாப்பேன்.”

ருக்மணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். கொடுவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். நன்றாகப் பார்த்துத் தேர்ந்து, பஞ்சு மூட்டைகள் நடமாடும் இலைகளாக ஒரு கை நிறையக் காம்போடு வெட்டிவந்தாள். அவரும் இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுக்காமல் அப்படியே நின்றாள்.

“தர்றனுங்ணா. எத்தனை வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த டின்ன மட்டும் இங்கயே வெச்சுப்போட்டுப் போங்க.”